மச்சான் என்றொரு ஃபீல்டு

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குத்தான் இந்தப் பதில்.

கிடைக்காததற்குக் காரணம் சாதாரணமானது. நான் வேலை பார்த்த காலத்து அலுவலக முகவரிக்கு அனுப்பியிருக்கிறீர்கள். ஓய்வுபெற்ற அன்று சாயங்காலம், கழுத்தில் போட்ட மாலை வாடுவதற்குள், அந்த முகவரியை மூடியது உங்கள் கம்ப்யூட்டர் பிரிவுதான். மூடிய வீட்டுக்கதவில் கடிதத்தைச் செருகிவிட்டு, வீட்டுக்காரம்மாவிடம் சொல்லியாகிவிட்டது என்று நிம்மதியாகப் போயிருக்கிறீர்கள். நல்லவேளை, அதன் நகல் ஒன்றை ரீஃபர் எனும் குளிர்ப் பெட்டிப் பிரிவின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். அங்கே வேலை பார்க்கும் கஸ்பார் போன் போட்டு வாசித்துக் காட்டினார்.

“யார்டு அமைப்பு முழுவதும் புதிய தளத்துக்கு மாற்றப்படுகிறது. பூட்டு அட்டவணையில் ‘மச்சான்’ என்ற பெயரில் ஒரு ஃபீல்டு உள்ளது. இதன் நோக்கம் தெரியவில்லை. பெயர் தொழில்முறைக்கு ஏற்றதாக இல்லை. இதனால் கிரேன் திரைகளில் தாமதமும் ஏற்படுகிறது. எனவே நீக்க உத்தேசம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதல் எனக் கொள்ளப்படும்.”

கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. ஏனென்றால் அந்த வரியை இந்தத் துறைமுகத்தில் முதன்முதலில் எழுதியவள் நான்.

நீங்கள் பிறந்ததிலிருந்தே எல்லாம் தெரிந்தவர்கள். இருந்தாலும் போன வாரம் சேர்ந்தவர் யாராவது கூட்டத்தில் ஒளிந்திருக்கலாம் என்பதால் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். யார்டில், அதாவது கப்பல் பெட்டிகளை அடுக்கிவைக்கும் மைதானத்தில், எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதை ஒரு டேட்டாபேஸ் வைத்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அதன் நகல் ஒன்று, மூத்தவர் மண்டையைப் போட்டால் பட்டம் கட்டிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருக்கிறது. தூரத்தில் கிரேன் ஓட்டுநர்களின் கூண்டுகளில் திரைகள் இருக்கின்றன. டேட்டாபேஸ் சொல்வதைத் திரைக்கும், திரை சொல்வதை டேட்டாபேஸுக்கும் கொண்டுபோக நடுவில் ஒரு தூது புரோகிராம் இருக்கிறது. கல்யாணத் தரகர் மாதிரி. எல்லோரும் மாப்பிள்ளையின் படிப்பையும் பெண்ணின் நிறத்தையும் அலசுவார்கள், தரகர் உண்மையைத்தான் சொன்னாரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நாங்களும் லட்சணமான டேட்டாபேஸ் வாங்கினோம். தரகரை மட்டும் நான் ஒரு வாரத்தில் எழுதி முடித்தேன்.

அதை ஆராய ஒரு கூட்டம் போட்டார்கள். கூட்டத்தில் எனக்கு மேலே இருந்தவர் காயல்பட்டினத்துக்காரர். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நான் கற்றுக்கொண்டதில் பாதி அவரிடம் வாங்கிய திட்டு. கூட்டம் முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு, டீ வரும் நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏம்மா, மெசேஜ் அனுப்புதோம். அங்கன இருந்து ‘வந்துச்சு’ன்னு பதில் வரல. அப்ப என்ன செய்யும்?”

அந்த நேரத்தில் எங்கள் கவலை லாரிகள் உள்ளே வரும் கேட்டைப் பற்றியது. கேட்டில் பதில் வரத் தாமதமானால் லாரிகள் நின்றுவிடும், வரிசை ரோட்டை மறிக்கும், மேலிடம் கத்தும். ஆகவே கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன்: “அஞ்சு செகண்டு பார்க்கும் சார். பதில் வரலைன்னா போய்ச் சேர்ந்துடுச்சுன்னு எடுத்துக்கும். மௌனம் சம்மதம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வடை வந்தது. தீர்மானம் நிறைவேறியது.

இத்தனைக்கும் மௌனத்தின் பொருள் எனக்கு வீட்டிலேயே தெரியும். நான் ஆற்றங்கரைக் கோயில் ஊர்க்காரி. என்னைப் பெண் பார்த்துவிட்டு பஜ்ஜி, சொஜ்ஜியை மிச்சம் வைக்காமல் போன முதல் மூன்று வீட்டாரிடமிருந்தும் இன்றுவரை பதில் இல்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு என் அப்பா சத்திரம் பிடிக்கவில்லை. வீட்டில் இவ்வளவு பாடம் படித்தவள், ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டருக்கு நேர்மாறாகச் சொல்லிக்கொடுத்தேன்.

கேட்டில் அந்த விதியால் பெரிய கேடு எதுவும் வரவில்லை. அதுதான் வினை. ஒழுங்காக ஓடும் புரோகிராமை யாரும் சும்மா விடமாட்டார்கள், இன்னொரு இடத்திலும் கொண்டுபோய்ப் பொருத்துவார்கள். என் தரகரை ரீஃபர் பிளாக்கில் ஆள் பாதுகாப்புக்கு வைத்தார்கள். வைத்தது யாரோ இல்லை, நானேதான். ‘ஏற்கெனவே சோதித்த புரோகிராம்’ என்று பெருமையாகக் குறிப்பு வேறு எழுதினேன்.

இப்போது கஸ்பாரைச் சொல்ல வேண்டும். ரீஃபர் டெக்னீஷியன். இறாலும் மீனும் இருக்கும் குளிர்ப் பெட்டிகளுக்கு மின்சாரம் செருகுவது, குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, கேபிள் சிக்கினால் எடுப்பது அவர் வேலை. அதற்காகச் சில நேரம் இரண்டு பெட்டி அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் காலி இடத்தில் இறங்கி நிற்க வேண்டும். அங்கே ஆள் நிற்பது கூண்டில் இருக்கும் ஓட்டுநருக்குத் தெரியாது. அவர் பிடித்திருக்கும் பெட்டியே அவர் கண்ணை மறைக்கும்.

அந்தப் பிளாக்கின் கிரேனை ஓட்டியவர் ராயப்பன். கஸ்பாரின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். டேட்டாபேஸ் வருவதற்கு முன்பு இவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. எந்தக் காலி இடத்தில் பெட்டியை இறக்குவதாக இருந்தாலும் ராயப்பன் மேலேயே நிறுத்தி மூன்று முறை ஹாரன் அடிப்பார். கஸ்பார் எங்கிருந்தாலும் வெளியே வந்து ஹெல்மெட்டைக் கழற்றி ஆட்டிக் காட்ட வேண்டும். ஆட்டாதவரை பெட்டி இறங்காது. ஒருமுறை கஸ்பார் விடுப்பில் மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போயிருக்க, ராயப்பன் கால்மணி நேரம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாராம். மேலிடம் அதை ஒரு நகைச்சுவையாகப் பல வருஷம் சொல்லித் திரிந்தது.

பிறகு முன்னேற்றம் வந்தது. கஸ்பார் கையில் ஒரு கருவி கொடுத்தோம். இறங்குவதற்கு முன் ‘ஆள் இருக்கிறது’ என்று அழுத்தினால் டேட்டாபேஸ் அந்த இடத்தைப் பூட்டும், தரகர் போய்க் கிரேன் திரையில் சொல்வார், அந்த இடம் சிவப்பாகும். இனி ஹாரன் எதற்கு? பணியாளர் பிரிவும் தன் பங்குக்கு ஒரு விதியைக் கண்டுபிடித்தது. உறவினர்கள் ஒரே பிளாக்கில் ஒரே ஷிஃப்டில் இருந்தால் ஒருவருக்கொருவர் சலுகை காட்டுவார்களாம். ராயப்பனை வேறு ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். ஒருவர் உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்று இன்னொருவர் நினைப்பது சலுகைதானே.

சம்பவம் நடந்தது ஒரு பகல் வேளையில். நான் தயிர்சாதத்தை முடித்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பச்சை. டேட்டாபேஸ் பச்சை, நகல் பச்சை, தரகர் பச்சை. வயல்காட்டுக்காரிக்குக்கூட அவ்வளவு பச்சை காணக் கிடைக்காது. தூக்கம் வந்துவிடுமே என்று கஸ்பார் வேலை பார்த்த நான்காம் பிளாக்கின் மெசேஜ் பட்டியலைச் சும்மா திறந்தேன்.

அனுப்பிய நேரம், சேர்ந்த நேரம் என்று இரண்டு வரிசை. காலையிலிருந்து எல்லா மெசேஜும் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் சரியாக ஐந்து செகண்டில். நாலும் இல்லை, ஆறும் இல்லை. எனக்கு அப்போது முப்பது வருஷ சர்வீஸ். எங்கள் ஆபீசில் மனிதனோ மெஷினோ இப்படி நேரம் தவறாமல் பதில் சொன்னதே கிடையாது. அப்போதுதான் உறைத்தது. பதில் எதுவும் வரவில்லை. எல்லாம் என் விதி தானாகப் போட்டுக்கொண்ட கையெழுத்து. அந்தக் கிரேன் காலையிலிருந்து எதையுமே கேட்கவில்லை. அதன் ஆன்டெனாவை உப்புக்காற்று அரித்துத் தின்றிருந்தது பிறகுதான் தெரிந்தது.

கடைசி மெசேஜைப் பார்த்தேன். கஸ்பார் இறங்கியிருக்கிறார். இடம் பூட்டப்பட்டிருக்கிறது. ‘சேர்ந்தது.’ ஆனால் கிரேன் திரையிலோ காலையில் ஏற்றிய பழைய வேலைப்பட்டியல். அதில் அடுத்த பெட்டி இறங்க வேண்டியது அதே காலி இடத்தில்தான்.

பக்கத்தில் ஷிஃப்ட் சூப்பர்வைசர் வாக்கி-டாக்கியோடு நின்றிருந்தார். “நாலாம் பிளாக் கிரேனை நிறுத்தச் சொல்லுங்க” என்றேன். சொன்னார். மறுபக்கம் இரைச்சல், பிறகு ஒன்றுமில்லை.

“பதில் வரலையே.”

“வரலேன்னா கேட்டுட்டான்னு அர்த்தம் மேடம். கேக்கலேன்னாத்தான என்னன்னு கேப்பான்?”

பாருங்கள், என் விதி எனக்கு முன்பே யார்டில் குடியிருந்திருக்கிறது. நான் அதற்குக் கம்ப்யூட்டரில் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்து நான் செய்ததைக் கேட்டால் நீங்கள் சிரிக்கலாம், அனுமதி உண்டு. மொத்த டேட்டாபேஸையும் நிறுத்தினேன். எங்கள் தொழிலில் இதுதான் பிரம்மாஸ்திரம். துறைமுகத்தில் மற்ற எல்லாக் கிரேனும் நின்றது, கேட் நின்றது, என் மேசையில் மூன்று போன் அடித்தது. நிற்க வேண்டிய அந்த ஒரு கிரேன் மட்டும் நிற்கவில்லை. மெசேஜே கேட்காத கிரேனுக்கு டேட்டாபேஸ் செத்த சேதி மட்டும் எப்படிக் கேட்கும்? செவிடன் காதில் ஊதிய சங்கு.

கப்பலைக் கவனிக்கும் மேனேஜர் போனில் கத்திக்கொண்டிருந்தார். அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு சப்ஸ்டேஷனுக்கு அடித்தேன். அந்தக் கிரேன் மின்சாரத்தில் ஓடுவது. கரண்ட் போனால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

“அண்ணாச்சி, நாலாம் பிளாக் கரண்ட்டைக் கட் பண்ணுங்க. இப்பவே.”

“நாலாம் பிளாக்கா? அங்கன அம்புட்டும் ரீஃபருல்லா மேடம். எறாலு கெடக்கு. யாரு ஆர்டரு?”

“எறால் ஒரு மணி நேரம் தாங்கும். கஸ்பார் தாங்க மாட்டார். என் ஆர்டர்.”

“ஒங்களுக்குக் கரண்ட்டுல அதிகாரம் இல்லையே.”

“இல்லை. கட் பண்ணுங்க.”

மறுமுனையில் பேச்சில்லை. ஒப்புக்கொண்டாரா, யாரிடமாவது அனுமதி கேட்கப் போய்விட்டாரா, தெரியாது. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மௌனம் ஐந்து செகண்டைத் தாண்டியது. பத்தைத் தாண்டியது. பெருமாளே, இதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லையே என்று நினைத்தேன். பயந்தேன் என்று வெட்கமில்லாமல் சொல்கிறேன். கஸ்பார் வீட்டு வாசலில் போய் நின்று என்ன சொல்வது என்றுகூட மனசு ஒத்திகை பார்த்துவிட்டது. அப்புறம் எதிர்ச் சுவரில் இருந்த நான்காம் பிளாக்கின் ரீஃபர் மின்பலகை, கரண்ட் போனதைக் காட்டி, மொத்தமாகச் சிவந்தது. அந்த மனிதர் ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடிப்போய் சுவிட்சை இறக்கியிருக்கிறார். சிவப்பைப் பார்த்து நான் அழுதது அன்றைக்குத்தான்.

பெட்டி கஸ்பார் தலைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. கேபிள் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர், நிழல் விழுந்ததே என்று அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாராம்.

விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது. முதல் கேள்வி, இறாலுக்கு ஏதாவது ஆயிற்றா? ஆகவில்லை. இரண்டாவது, அதிகாரமில்லாமல் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னது யார்? நான். மூன்றாவது கேள்வியை அவர்கள் கேட்கவே இல்லை, நானே சொன்னேன்: ஐந்து செகண்ட் விதி என்னுடையது, ஆன்டெனா மேல் பழி போடாதீர்கள். அதை எழுதிக்கொள்ள அவர்களுக்கு மனசில்லை. ‘தகவல் பரிமாற்ற இடைவெளி’ என்று எழுதினார்கள். ஆபீசில் யார் தப்பும் இல்லாமல் ஒரு தப்பு நடக்க வேண்டுமென்றால் இந்த இடைவெளிதான் செய்து கொடுக்கும். எனக்கு ஒரு மெமோ வந்தது. தப்பான காரணத்துக்கு வந்தாலும் சரியான ஆளுக்குத்தான் வந்தது.

காயல்பட்டினத்துக்காரர் அதை வாங்கிப் படித்தார். “கேள்வியக் கேட்டுட்டு, நீ சொன்ன பதிலுக்கு நானும்லா சிரிச்சேன். எனக்கும் ஒண்ணு குடுத்துருக்கணும்” என்றார்.

இரண்டு நாள் கழித்து கஸ்பார் சர்வர் அறைக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அந்த அறையை எல்லோருமே சந்நிதி மாதிரிதான் நடத்துவோம். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

“மேடம், என் மச்சான எதுக்கு ஷிஃப்ட் மாத்துனிய?”

“நான் மாத்தலை. உறவுக்காரங்க ஒண்ணா இருக்கக் கூடாதுன்னு விதி.”

“எங்க தாத்தா முத்துக் குளிச்சவரு. அப்பா சங்கு. கீழ போறவன் கயித்த யாரு கையில குடுப்பான், தெரியுமா? மச்சான் கையில. பொண்டாட்டி கூடப் பெறந்தவன். சொந்த அண்ணன் தம்பி கையில குடுக்க மாட்டாவ.”

“ஏன்?”

“நான் செத்தா அண்ணன் தம்பிக்குப் பங்கு கூடும். மச்சானுக்கு? அவன் தங்கச்சில்லா தாலியறுப்பா. தூக்கம் வருமா அவனுக்கு?”

“கீழ போனவர் கயிற்றை அசைக்கவே இல்லைன்னா?”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அசைக்கலேன்னா இழுக்கணும். இதுல என்ன கேள்வி? ‘சத்தமில்ல, நல்லாத்தான் இருப்பான்’னு மேல ஒக்காந்து பீடி குடிக்கவன் மச்சானா?” கிளம்பினவர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மினுக்கிக்கொண்டிருந்த சர்வரைக் காட்டினார். “இதுக்குத் தங்கச்சி இருக்கா மேடம்?”

இல்லை என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இந்தத் தொழிலில் எத்தனையோ பேர் என் வடிவமைப்பைக் குறை சொல்லியிருக்கிறார்கள், படம் போட்டு, அம்புக்குறி போட்டு. இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அந்த வாரமே விதியைத் திருப்பி எழுதினேன். ஐந்து செகண்டில் பதில் வராவிட்டால் கிரேன் நிற்கும். கருவி கெட்டாலும், காற்று கெட்டாலும், டேட்டாபேஸே செத்தாலும் நிற்கும். பூட்டு அட்டவணையில் ஒரு ஃபீல்டு, அதாவது நிரப்ப வேண்டிய ஒரு கட்டம், சேர்த்தேன். கீழே இறங்குகிறவர், கயிறு யார் கையில் என்பதைத் தானே தேர்ந்தெடுத்து அதில் பெயரைப் போட வேண்டும். அந்த ஆள், கீழே போனவரின் குரலைக் காதால் கேட்டு விடுவிக்காதவரை அந்த இடம் யாருக்கும் திறக்காது. எனக்கும் திறக்காது, மேனேஜருக்கும் திறக்காது. ஃபீல்டுக்கு மச்சான் என்று பெயர் வைத்தேன்.

மேலிடம் ‘அங்கீகரிக்கப்பட்ட விடுவிப்பாளர்’ என்று பெயரை மாற்றச் சொன்னது. மாற்றுகிறேன் என்றேன். மாற்றவில்லை. உறவினர் விதியும் அப்படியேதான் இருந்தது. ஷிஃப்ட் பட்டியலில் மட்டும் ராயப்பன் பெயர் தற்செயலாக கஸ்பார் பெயருக்குப் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. பட்டியல் போடும் புரோகிராமும் நான் எழுதியதுதான்.

தம்பி தங்கைகளே, அந்த ஃபீல்டால் தாமதமாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், ஆகும். ஒரு மனிதர் பெட்டி அடுக்குகளின் நடுவிலிருந்து நடந்து வந்து “நான் வெளிய வந்துட்டேன்” என்று சொல்ல எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரமாகும். உங்கள் புதிய அமைப்பில் டேட்டாபேஸை ஏழெட்டுத் துண்டாக்கி, துண்டுக்கு ஒரு தரகர் வைக்கிறீர்களாம். நன்றாக வையுங்கள். தரகர் கூடக் கூட, பதில் வராத இடங்களும் கூடும். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று அந்த டீ நேரத்துக் கேள்வியைக் கேளுங்கள். வடை வருவதற்கு முன் கேளுங்கள்.

ராயப்பன் போன வருஷம் ஓய்வுபெற்றார். கஸ்பாருக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. இப்போது அந்த ஃபீல்டில் ராயப்பன் மகனின் பெயரைப் போடுகிறாராம். அத்தை புருஷனுக்காக அந்தப் பையன் தொண்டை கிழியக் கத்துகிறானாம், திருப்தியாகச் சொன்னார்.

இன்று வியாழக்கிழமை. இந்தக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பப் போவதில்லை. கஸ்பார் பைக்கில் என் வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை ஷிஃப்டுக்கு முன் உங்கள் கையில் தருவார். ஃபீல்டு இருக்கும் என்று அடியில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

கையெழுத்து வராவிட்டால், நீங்கள் இதைப் படிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வேன். கஸ்பாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். வரும்வரை அவர் கீழே இறங்க மாட்டார்.